புதிய மாடலின் சக்கரத்தைப் பழைய காரில் மாட்டுவது: அளந்து பார்க்க வேண்டியவை, மாட்டும் முறை

மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் நான்கு துளைச் சக்கரம். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு ஐந்து துளை. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை மறுபடியும் நான்கு துளைக்கே திரும்பியது. ஆகவே 1990ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5இல் 2016ஆம் ஆண்டுச் சக்கரம் ஏறி உட்காரும். 2008ஆம் ஆண்டுச் சக்கரம் உட்காராது. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் நடுவில் ஒரு தலைமுறை மட்டும் தனி.

இப்படி நிறையக் கார்கள் இருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் நான்காம் தலைமுறையில் ஐந்து துளைகளும் 100 மி.மீ. வட்டத்தில் இருந்தன, 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அது 112 ஆனது. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் ஆறாம் தலைமுறையில் 120 மி.மீ.; ஏழாம் தலைமுறையில் 112. "அதே கம்பெனிச் சக்கரம்தானே, பொருந்தாமலா போகும்?" என்று நம்பிப் பழைய சக்கரங்களை விற்றுவிட்டுப் புதியதை வாங்கி, வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டு விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. சக்கரத்தின் முதுகிலும் காரின் ஹப்பிலும் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகம்) உள்ள சில எண்கள் ஒத்துப்போக வேண்டும். அந்த எண்களை எப்படி எடுப்பது, எந்த வரிசையில் சரிபார்ப்பது, பிறகு எப்படி மாட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையான கருவிகள் அதிகம் இல்லை. ஒரு வெர்னியர் அளவி, நேரான நீண்ட மரச்சட்டம் அல்லது இரும்புப் பட்டை, அளவு நாடா, கம்பிப் பிரஷ், நல்ல ஜாக்கி, காரைத் தாங்கும் ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச் (குறித்த விசையில் முடுக்க உதவும் ஸ்பேனர்). கடைசியாகச் சொன்னதை மட்டும் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எண்: துளை வட்டம்

போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம்தான் பி.சி.டி. 4×100 என்றால் நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டம். நான்கு துளைச் சக்கரத்தில் இதை அளப்பது எளிது; எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் போதும். மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம் என்பதால், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து மற்ற துளையின் இடது விளிம்பு வரை அளவெடுங்கள். அதே விடைதான் வரும்.

ஐந்து துளைச் சக்கரத்தில் எதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மைய இடைவெளியை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 58.8 வந்தால் வட்டம் 100, 65.8 வந்தால் 112, 67.2 வந்தால் 114.3, 70.5 வந்தால் 120. இதில் 112க்கும் 114.3க்கும் நடுவில் அடுத்தடுத்த துளைகளில் தெரியும் வேறுபாடு வெறும் 1.4 மி.மீ.தான். அளவு நாடாவை வைத்து அளந்தால் தவறுவது நிச்சயம். அதனால்தான் வெர்னியர் அளவி வேண்டும் என்றேன்.

இந்த நெருக்கமான அளவுகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. 112 சக்கரத்தை 114.3 ஹப்பில் வைத்து அழுத்தி முடுக்கினால் போல்ட் ஏறிவிடும். 98 சக்கரமும் 100 ஹப்பில் அப்படித்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் இழுபட்டு வளைந்த நிலையில் நிற்கும். அதன் தலை முழுவதுமாக உட்காராது. ஓட ஓடத் தளரும், இல்லையேல் உலோகம் களைத்துப்போய் ஒரு நாள் முறியும். துளை வட்டம் துல்லியமாக ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சக்கரத்தை வாங்காதீர்கள். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

இரண்டாம் எண்: மையத் துளை

எல்லாரும் கோட்டைவிடுவது இதைத்தான். நானும் விட்டிருக்கிறேன்.

ஹப்பின் நடுவில் ஒரு வட்டமான உதடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் மையத் துளை அந்த உதட்டின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நட்டநடுவே நிற்கும். என் பழைய காரின் ஹப் 57.1 மி.மீ. அதே நிறுவனத்தின் புதிய மாடலிலிருந்து நான் எடுத்த சக்கரத்தின் மையத் துளை 66.5 மி.மீ. துளை வட்டம் இரண்டிலும் 112 என்பதால் மனநிறைவோடு மாட்டிவிட்டேன். மணிக்கு 85 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. டயர் கடையில் இரண்டு முறை பேலன்ஸிங் செய்தும் தீரவில்லை.

பிறகு வீட்டில் காரைத் தூக்கி, போல்ட்டுகளை முழுக்கக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை ஹப்பில் வெறுமனே தொங்கவிட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் சக்கரம் ஹப்பின் உதட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழ்ப்பக்கம் ஒரு பென்சிலை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி. பென்சிலை நுழைத்தும் பார்த்தேன். தாராளமாகப் போய் வந்தது. போல்ட்டை முடுக்கும்போது சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கேயே இறுகிவிட்டது, அவ்வளவுதான். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் மையம் விலகிய சக்கரம் ஆடத்தான் செய்யும்.

தீர்வு எளியது. வெளிவிட்டம் சக்கரத்துக்கும் உள்விட்டம் ஹப்புக்கும் பொருந்துகிற ஹப் வளையங்கள் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது 66.5–57.1 வளையம். நான்கையும் போட்டதும் நடுக்கம் அன்றே நின்றுபோனது. பிளாஸ்டிக் வளையம் விலை குறைவு, துருப்பிடித்து ஒட்டாது. ஆனால் பிரேக் கடுமையாகச் சூடாகும் கார்களில் உருகி உருக்குலையும். அலுமினிய வளையம் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் ஈரமும் உப்பும் பட்டால் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஓட்டத்துக்குப் பிளாஸ்டிக் போதும். மலைச்சாலைகளில் அதிகம் இறங்குபவர் என்றால் அலுமினியம் வாங்கி, உட்புறம் மெல்லிய கிரீஸ் தடவிப் போடுங்கள்.

சக்கரத்தின் மையத் துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் கதை வேறு. வளையம் உதவாது, லேத்தில் கடைந்து துளையைப் பெரிதாக்க வேண்டும். மையம் இம்மி பிசகினாலும் நான்கு சக்கரங்களும் வீண். புதிதாக இதில் இறங்குபவர் அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டு வேறு தேடுவதே நல்லது.

மூன்றாம் எண்: அகலமும் ஆஃப்செட்டும்

சக்கரத்தின் பின்புறம், ஆரக்கால்களின் உட்பக்கத்தில், வார்ப்பிலேயே "7ஜே×17 ஈ.டி.45" என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். 17 என்பது அங்குலத்தில் விட்டம். 7 என்பது அங்குலத்தில் அகலம். ஈ.டி. என்பது ஆஃப்செட்: சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பது. ஈ.டி. கூடினால் சக்கரம் காரின் உள்பக்கம் போகும். குறைந்தால் வெளியே வரும்.

புதிய மாடல்களின் சக்கரங்கள் பெரும்பாலும் பழையவற்றைவிட அகலமானவை. கூடுதல் அகலமும் மாறிய ஆஃப்செட்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம்.

அகலத்தை 25.4ஆல் பெருக்கி இரண்டால் வகுங்கள். அதோடு ஈ.டி.யைக் கூட்டினால் ஹப்பிலிருந்து உள்பக்க விளிம்பு எவ்வளவு தூரம் என்று தெரியும். கழித்தால் வெளிப்பக்க விளிம்பு. பழைய சக்கரம் 6ஜே, ஈ.டி.40 என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 76.2. உள்பக்கம் 116.2, வெளிப்பக்கம் 36.2. புதிய சக்கரம் 7ஜே, ஈ.டி.45. பாதி அகலம் 88.9. உள்பக்கம் 133.9, வெளிப்பக்கம் 43.9. ஆக, புதிய சக்கரம் உள்ளே 17.7 மி.மீ. நெருங்குகிறது, வெளியே 7.7 மி.மீ. நீட்டுகிறது.

இப்போது காருக்கு அடியில் பாருங்கள். பழைய சக்கரம் மாட்டியிருக்கும் நிலையிலேயே, டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலை நுழைத்துப் பாருங்கள். என் விரலின் தடிமன் 16 மி.மீ.; உங்களுடையதை அளந்து நினைவில் வைத்துக்கொண்டால் எங்கேயும் பயன்படும். 17.7 மி.மீ. உள்ளே வரும் சக்கரத்துக்குக் குறைந்தது 22, 23 மி.மீ.யாவது இப்போது காலியாக இருக்க வேண்டும். டயரும் அகலமானால் அந்தக் கூடுதலில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சிறிதளவு இடிக்கும் என்று தெரிந்தால் 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் போடுவதுண்டு. தவறில்லை. ஆனால் ஸ்பேசர் ஹப்பின் உதட்டில் அத்தனை மில்லிமீட்டரையும் விழுங்கிவிடும். சக்கரம் உட்காருவதற்கு உதடு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டும் அதே அளவு நீளமாக வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர்களை அடுக்காதீர்கள்.

போல்ட், நட்: சிறியவை, ஆனால் உயிர் இவற்றில்தான்

சில கார்களில் ஹப்பிலிருந்து ஸ்டட் எனும் புரியுள்ள தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட் முடுக்குவோம். மற்றவற்றில் போல்ட்டைச் சக்கரத்தின் வழியாக ஹப்புக்குள் முடுக்குவோம். புரி அளவைக் காரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1.5 மி.மீ. இடைவெளி), எம்12×1.25, எம்14×1.5 ஆகியவை அதிகம் புழங்குபவை. 1.5 புரியில் 1.25 நட்டை முடுக்கினால் முதல் இரண்டு சுற்றிலேயே கடினமாகும். கை விரலால் சுலபமாகச் சுற்ற முடியாத நட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது.

தலையின் வடிவத்தைச் சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சக்கரத் துளையின் வாய் கூம்பாகச் சரிந்திருந்தால் கூம்புத் தலை. கிண்ணம்போல உருண்டிருந்தால் உருண்டைத் தலை. தட்டையாக இருந்தால் வாஷரோடு தட்டைத் தலை. உருண்டைத் தலை போல்ட்டைக் கூம்பு வாயில் முடுக்கினால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டுமே அது தொட்டுக்கொண்டிருக்கும். பார்வைக்கு இறுகியதுபோல இருக்கும். சில நாளில் தளர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் போல்ட்டின் தலைச்சரிவில் மார்க்கர் மை பூசி, துளையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் பாருங்கள். மை சீராக முழுப் பட்டையிலும் அழிந்திருந்தால் பொருத்தம். ஒரு கோட்டில் மட்டும் அழிந்திருந்தால் வேறு போல்ட் வாங்குங்கள்.

நீளத்தையும் பாருங்கள். இரும்புச் சக்கரத்திலிருந்து அலாய் சக்கரத்துக்கு மாறும்போது துளையிடத்தில் தடிமன் கூடும். பழைய போல்ட் குட்டையாகிவிடும். பழைய சக்கரத்தில் பழைய போல்ட்டை நுழைத்துப் பின்பக்கம் எவ்வளவு நீட்டுகிறது என்று அளங்கள். புதிய சக்கரத்தில் புதிய போல்ட்டும் அதே அளவு நீட்ட வேண்டும். புரி பிடிக்கும் நீளம் குறைந்தது போல்ட்டின் விட்டத்தளவு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, எம்12×1.5 என்றால் எட்டு முழுச் சுற்று. அளவுக்கு மீறி நீளமானாலும் ஆபத்துதான். ஹப்பைத் தாண்டிப் பின்னால் போய், ஏ.பி.எஸ். வளையத்தையோ டிரம்முக்குள் இருக்கும் கை பிரேக் பாகங்களையோ இடிக்கும்.

டயர்: வெளி விட்டம் மாறக் கூடாது

சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாக வேண்டும். மொத்த விட்டம் ஏறத்தாழ பழையபடியே இருக்க வேண்டும். கணக்கு: டயர் அகலம் × உயர விகிதம் × 2, அதோடு அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 185/65 ஆர்15 டயரின் (அகலம் 185 மி.மீ., உயர விகிதம் 65 சதவீதம், சக்கரம் 15 அங்குலம்) விட்டம் 621.5 மி.மீ. 195/55 ஆர்16 என்றால் 620.9. கிட்டத்தட்ட ஒன்றே. நிம்மதியாக மாறலாம்.

முதலில் சொன்ன எம்எக்ஸ்-5க்கே திரும்புவோம். முதல் தலைமுறையின் 185/60 ஆர்14 டயர் 577.6 மி.மீ. நான்காம் தலைமுறைச் சக்கரத்தோடு வருவது 195/50 ஆர்16. அதன் விட்டம் 601.4. நான்கு சதவீதத்துக்கும் மேல் அதிகம். ஸ்பீடாமீட்டர் பழைய டயருக்குச் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 100 என்று காட்டும்போது கார் 104இல் போகும். மட்கார்டுக்குள் 12 மி.மீ. உயர இடமும் பறிபோகும். சக்கரம் பொருந்துகிறது, அதோடு வந்த டயர் பொருந்தவில்லை. 195/45 ஆர்16 போட்டால் 581.9 மி.மீ.; ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும்.

மூன்று சதவீதத்தை மேல் எல்லையாக நான் வைத்துக்கொள்கிறேன். டயர் தாங்கும் எடைக் குறியீடு காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615. பக்கச்சுவர் குட்டையாகும்போது இந்த எண் சத்தமில்லாமல் குறைந்துவிடுவதுண்டு. டயரின் வயதையும் பாருங்கள்: நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

புதிய சக்கரங்களுக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கலாம். பழைய கார் அதைக் கேட்காது, அதனால் தொல்லையும் இல்லை. இருந்தாலும் டயரைக் கழற்றும்போதே சென்சாரை எடுத்துவிட்டுச் சாதாரண ரப்பர் வால்வு போடச் சொல்லுங்கள்.

பழைய சக்கரம் வாங்குகிறீர்கள் என்றால்

முன்பக்கப் பளபளப்பை நம்பாதீர்கள். திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்த அடி பெரும்பாலும் உள்விளிம்பில்தான் தெரியும். ஆரக்கால் விளிம்போடு சேரும் மூலைகளில் துணியால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முடிபோல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். வெல்டிங் செய்த தடம் இருந்தால் வேண்டாம். பேலன்ஸிங் மெஷினில் டயர் இல்லாமல் சுழற்றிக் காட்டச் சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

மாட்டும் நாள்

முதலில் ஒரு சக்கரத்தை டயர் இல்லாமல் முன்பக்கம் மாட்டிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். பழைய கார்களில் இந்தத் துரு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக்கூட ஏறியிருக்கும். அதன் மேல் சக்கரம் கோணலாக உட்காரும். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகின் தலை மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உதட்டில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ். புரிகளில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். முடுக்கும் விசைக் கணக்கு பொய்த்துவிடும்.

பிரேக் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வெளிப்புறத்தில் களிமண்ணையோ குழந்தைகள் விளையாடும் மாவையோ சிறு உருண்டையாக ஒட்டி, சக்கரத்தை மாட்டி மெதுவாகக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். உருண்டை நசுங்கி நிற்கும் தடிமன்தான் ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் உள்ள இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் மாட்ட மாட்டேன். பழைய காரின் பிரேக் சிறியதாக இருப்பதால் பெரும்பாலும் இங்கே சிக்கல் வராது. இருந்தாலும் பார்த்துவிட வேண்டும்.

இது சரியாக இருந்தால் டயரை ஏற்றி, பேலன்ஸ் செய்து, நான்கையும் மாட்டுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால், பிறகு ஸ்பேனரால் லேசாக, நட்சத்திரக் கோலம் போடுவதுபோல எதிரெதிராக முடுக்குங்கள். காரை இறக்கியபின் டார்க் ரெஞ்ச். விசை எவ்வளவு என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். புதிய மாடலின் எண்ணை எடுக்காதீர்கள், தாங்கப்போவது உங்கள் காரின் ஸ்டட். கையேடு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் பாதுகாப்பு என்பது தவறான எண்ணம். புரி நீண்டு வலுவிழக்கும்.

ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின் இருக்கையில் மூவரை உட்காரவைத்து, வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள். உரசும் ஓசை கேட்டால் இறங்கி, மட்கார்டின் உள்விளிம்பில் டயர் தேய்த்த கருப்புத் தடம் எங்கே என்று தேடுங்கள். வளைவில் உரசினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முழுத் திருப்பத்தில் மட்டும் உரசினால் உள்ளே அல்லது முன்பின்னாக இடம் போதவில்லை.

சக்கர அளவை மாற்றுவதற்கு அனுமதியோ ஆய்வோ தேவைப்படும் நாடுகள் இருக்கின்றன. உங்கள் ஊர் விதி என்ன என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரங்கள் ஆறியிருக்கும்போது டார்க் ரெஞ்சை மறுபடியும் வையுங்கள். ஏதாவது ஒரு போல்ட் சற்றே சுற்றுவது சகஜம். இன்னும் 100 கிலோமீட்டர் கழித்துப் பார்க்கும்போது மறுபடியும் அதே போல்ட் சுற்றினால், தலை வடிவமோ ஹப்பின் முகமோ சரியில்லை. கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, பலருக்கும் நடுவழியில்தான் நினைவுக்கு வரும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரம். புதிய சக்கரத்துக்காக நீங்கள் வாங்கிய நீளப் போல்ட்டோ வேறு தலை நட்டோ அதற்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு சக்கரத்துக்கு வேண்டிய பழைய போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, "ஸ்டெப்னிக்கு" என்று எழுதி, ஸ்டெப்னியின் நடுக்குழியிலேயே வைத்துவிடுங்கள்.